அறுத்து வைத்த பழத்தின் நிறம்

ஆரணிச் சாயப் பட்டறையில் போய் வெறுமனே 'பச்சை' என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எந்தப் பச்சை? கிளியா, பிஸ்தாவா, வாழைக்குருத்தா? பட்டில் பாதி நிறங்களுக்கு அடுப்படியிலிருந்துதான் பேர் வந்திருக்கிறது. வெங்காயத்தோல், கத்திரிக்காய், மிளகாய்ப்பழம், மாம்பழம் என்று காதில் விழ விழ, பசித்தவனுக்கு வயிறு கிள்ளும்.

அப்படிப்பட்ட ஊரில், முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி போட்டு நெய்கிற கண்ணகிக்கே ஒரு பேர் விளங்காமல் போயிற்று. "டோஸ்ட் மேல அவகாடோ தடவி இருப்பாங்களேக்கா, அந்தப் பச்சை. கல்யாண ரிசப்ஷனுக்கு" என்று பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள் ஜாக்குலின். "தெரியும் கண்ணு" என்று சொல்லிவிட்டாள் கண்ணகி. மண்ணாங்கட்டி தெரியும். ஆனால் ஃப்ளோரன்ஸ் சிஸ்டரின் மகளிடம் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

காரணம் இருந்தது. கண்ணகியின் மகள் இனியா குறைமாதத்தில் பிறந்தவள். படவேட்டில், பஸ் வராத ஒரு மத்தியானத்தில். அங்கே நர்ஸாக இருந்த ஃப்ளோரன்ஸ், கையளவு இருந்த அந்தக் குழந்தையைத் தன் வெள்ளைச் சேலைக்குள் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பால் வண்டியில் ஏறி ஆரணி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். இறங்கும்போது அந்தச் சேலை ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. இனியா இப்போது பிளஸ் டூ படிக்கிறாள், பெற்றவளையே அதட்டுகிறாள்.

அந்தச் சேலைக்குப் பதில் ஒரு சேலை கொடுக்க வேண்டும் என்று கண்ணகி எத்தனையோ தடவை நெய்து எடுத்துப் போனாள். சிஸ்டர் தொடவே இல்லை. "என் வேலைய நான் செஞ்சேன். புள்ள பொழச்சிகினாளா, அது போதும்" என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார். இப்போதுதான் முதல்முறையாக, மகளுக்கு ஒன்று நெய்து தரச் சொல்லியிருக்கிறார். அதுவும் மற்றவர்களிடம் வாங்கும் கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கண்டிஷனோடு. இது தப்பிப் போனால் இன்னொரு வாய்ப்பு வராது என்று கண்ணகி பயந்தாள்.

போனில் வந்த படத்தைச் சாயக்காரர் பன்னீர்செல்வத்திடம் காட்டினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போனப் பாத்து சாயம் போட்டா போன் கலர்தாம்மா வரும். பழத்த எடுத்துனு வா."

அவரிடம் அப்படித்தான். மாந்துளிர் வேண்டுமென்றால் துளிரைக் கிள்ளிக்கொண்டு போக வேண்டும், வெங்காயம் என்றால் தோலை உரித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணகி கடை கடையாக ஏறினாள். கடைசியில் ஜூஸ் கடை பிலிப்தான் சிரித்தான்.

"பட்டர் ஃப்ரூட்டுக்கா இவ்ளோ பேஜார்? பால் ஊத்தி அடிச்சா இது ஜூஸுக்கா. ரொட்டியில தடவினா அவகாடோ டோஸ்ட். பேர் மாறினா கிராக்கி தானா வரும்."

வீட்டில் பழத்தை அறுத்தாள். உள்ளே இருந்த இளம் பச்சையைப் பார்த்ததும் ஜாக்குலினின் ரசனையை மெச்சிக்கொண்டாள். ஒரு பாதியைச் சாயத்துக்கென்று கவரில் சுற்றி வைத்துவிட்டு, மறு பாதியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து ரொட்டியில் தடவினாள். கணவன் எல்லப்பன் ஒரு வாய் கடித்தான்.

"வெண்ணைன்னு பேர் வெச்சவன் வெண்ணைய கண்ணால பாத்திருக்க மாட்டான்."

"இங்கிலீஷ்ல பேர் சொல்லிகினு துன்னு நைனா, எறங்கும்" என்றாள் இனியா.

வாய்தான் குறை சொன்னதே தவிர, எல்லப்பன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். கடைசித் துண்டையும் அவனே எடுத்துக்கொண்டான்.

கண்ணகி கவரைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது பன்னீர்செல்வம் சந்தவாசலுக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். நூலையும் கவரையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அவர் கவரைப் பிரித்தார். உள்ளே எந்த நிறம் இருந்ததோ அந்த நிறத்தை, இம்மி பிசகாமல் பட்டில் ஏற்றிக் கொடுத்தார்.

கண்ணகி நூலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சையும் இல்லை, காப்பியும் இல்லை. சேற்றுத் தண்ணீரில் அலசினதுபோல் இருந்தது. பன்னீர்செல்வம் சாட்சிக்குப் பழத்தை எடுத்து நீட்டினார். அது கறுத்து, அச்சு அசலாக அந்த நிறத்தில்தான் இருந்தது. மாந்துளிரும் வெங்காயத்தோலும் இப்படி ஒரு நாளில் காலை வாரியதில்லை. பழத்தை நொந்து என்ன பிரயோஜனம்?

"இதுக்கு மேல கறுப்புதாம்மா போட முடியும்" என்றார் அவர்.

"கம்முனு வேற நூல் வாங்கிடலாம், சொல்லாத" என்றான் எல்லப்பன். கண்ணகிக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாக்குலின் ஊருக்கு வந்திருந்தாள். சர்ச்சில் பூசை முடிந்து தாயும் மகளும் வீடு திரும்பியதும், கண்ணகி நூலைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தாள்.

ஜாக்குலினின் முகம் சுருங்கியது. "அக்கா, இது நாலு நாள் ஆன டோஸ்ட்டுக்கா."

கண்ணகி நடந்ததையெல்லாம் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அறுத்து வெச்சா கறுத்துப் போவும்மா. எலுமிச்சம்பழம் தேய்க்கணும்."

"உங்களுக்குன்னு ஒரே ஒரு வேலை செஞ்சேன் சிஸ்டர். அதையும் கெடுத்துட்டேன்" என்று சொல்லும்போதே கண்ணகிக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் புள்ளைய குடுத்தவங்க நீங்க. ஒரு சேலை குடுக்க வக்கில்ல எனக்கு."

சிஸ்டரின் சிரிப்பு நின்றது. "செரி, இந்த நூல இன்னா பண்ணுவ?"

"யாரு கேக்கப் போறாங்க? பொட்டியில கெடக்கும்."

பால் கவரைக்கூடக் கழுவி மடித்து வைக்கிற மனுஷி அவர். பட்டு பெட்டியில் கிடக்கும் என்றதைத் தாங்க முடியவில்லை. நூலை எடுத்து ஜன்னல் பக்கம் போய்த் தோளில் போட்டுப் பார்த்தார். வெயில் பட்டது. சேறு என்று கண்ணகி நினைத்த அந்த நிறம் அவருடைய கறுத்த தோளில் தேன்போல மினுங்கியது.

"மம்மி, அப்படியே நில்லுங்க" என்றாள் ஜாக்குலின். "ரிடையர் ஆகியும் வெள்ளையே கட்டிகினு இருக்கீங்க. என் கல்யாணத்துக்கும் அதான் கட்டுவீங்களா?"

ஃப்ளோரன்ஸ் தோளில் கிடந்த நூலைத் தடவிக்கொடுத்தார். "வீணாப் போவ வேணாம். இத எனக்கு நெய்யி கண்ணகி. கூலி மட்டும்..."

"கெட்டுப் போன நூலுக்குக் கூலி வாங்கற பழக்கம் எங்க ஊட்ல இல்ல சிஸ்டர்."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக சிஸ்டர் மறுக்காமல் நூலை மடித்துக் கண்ணகியின் கையில் கொடுத்தார். கறுத்துப் போன அந்தப் பழத்துக்குக் கண்ணகி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

எலுமிச்சை தேய்த்த பழம் ஒன்று பட்டறைக்குப் போனது, ஜாக்குலினின் பச்சையும் சரியாக வந்தது. ரிசப்ஷனில் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். கண்ணகி மணப்பெண்ணின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தறிக்காரி பச்சையம்மாளும் அங்கேதான் பார்த்தாள்.

"இது இன்னா கலர்மே? பேர் சொல்லு, நானும் ஒண்ணு போடறேன்."

"ஃப்ளோரன்ஸ் சிஸ்டர் கலர்னு சொல்லு. பன்னீர்ணாவுக்குத் தெரியும்."

போட்டோவுக்கு நிற்கும்போது இனியா சிஸ்டரைக் கட்டிப் பிடித்து அவர் மார்பில் தலை சாய்த்தாள். சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டினார்.

"பாத்துடி. போன தடவ என் சேலைய நாசம் பண்ணவ நீதான்."