ஒரு விரல் தளர்ச்சி

கெல்சியின் துணிக்கடைக்குள் நுழைந்ததுமே வெர்லாவுக்குக் குமட்டியது. கல்லாப் பக்கத்தில் இலவங்கப்பட்டை வாசனை மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம். வெளியே சோளக்காடு வெந்துகொண்டிருக்கிறது. இந்த வெக்கையில் கிறிஸ்துமஸ் வாசனை யாருக்கு வேண்டும்? சுவரில் ‘தையலே என் சிகிச்சை’ என்று ஒரு பலகை வேறு. சிகிச்சை தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதுதானே என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

நாற்பது வருஷமாக ஒட்டுப்போர்வைகளைக் கையாலேயே தைத்தவள் வாடகை மெஷினைத் தேடி வந்திருக்கிறாள் என்றால் இரண்டு காரணம். ஒன்று, வலது கை கட்டைவிரல். போன குளிர்காலத்தோடு அந்த மூட்டு நெடுநேரம் ஊசி பிடிக்க மறுத்துவிட்டது. இரண்டாவது, ஓரகத்தி ரோவீனா.

மூன்று வருஷமாக மாவட்டக் கண்காட்சியின் முதல் பரிசான ஊதா ரிப்பன் ரோவீனாவுக்குத்தான். அவள் மேல்துணியை மட்டும் ஒட்டுப்போட்டு முடிப்பாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கிற பெரிய வேலையை லிங்கன் நகரத்தில் ஒருத்தியிடம் கூலிக்கு விட்டுவிடுவாள். கண்காட்சி விதியில் அதற்கு இடமுண்டு. ‘ஒரே கை’ என்று ஒரு பிரிவு, ‘கூலித் தையல்’ என்று ஒரு பிரிவு, இரண்டிலும் எது உசத்தியோ அதற்கு ஊதா ரிப்பன். “காசு குடுத்து வாங்கின ரிப்பன்” என்று சர்ச் காபி மேசையில் வெர்லா மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறாள். சொன்ன வாய் இந்த வருஷமாவது ஜெயித்தாக வேண்டும், அதுவும் ஒரே கையில். நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் போர்வை நடுவர் மேசைக்குப் போக வேண்டும்.

மெஷின் பின்னறையை அடைத்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு அடி நீள மேசை, வெர்லாவின் போர்வைத் துணிகளைச் சுற்றி மாட்டிய மூன்று உருளைகள், நடுவே தண்டவாளத்தில் ஓடும் நீளக் கழுத்துத் தையல் தலை. அதைப் பிடித்து ஓட்ட சைக்கிளுக்கு இருப்பதுபோல் இரண்டு கைப்பிடிகள்.

கெல்சிக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரிடமும் தேன் ஒழுகப் பேசுவாள். வெர்லாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. சரக்கு மட்டமாக இருந்தால்தான் வியாபாரி அப்படிப் பேசுவான்.

“துணிய இறுக்காதீங்க வெர்லாம்மா. கீழயிருந்து ஒரு விரலால முட்டினா, மேலயிருந்து அந்த விரலப் பிடிக்க வரணும். அவ்ளோ தளர்ச்சி இருக்கணும்.”

“தொங்குதே. கெழட்டுப் பசு மடி மாதிரி.”

“மெஷினுக்கு அதான் புடிக்கும்.”

“அதுக்குப் புடிச்சத செய்யவா நான் வாடகை குடுத்தேன்?”

கெல்சி சிரித்துக்கொண்டே ஒரு கைக்கண்ணாடியை நீட்டினாள். சுற்றிலும் ரோஸ் நிறச் சமிக்கி ஒட்டியிருந்தது. “ஒவ்வொரு வரிசை முடிஞ்சு உருட்டறப்பவும் இத அடியில புடிச்சுப் பாருங்க. மேல அழகா இருக்கும், கீழதான் கழுத்தறுக்கும்.”

அவள் முன்கடையில் துணி வெட்டப் போனதும் வெர்லா அந்தச் சமிக்கிக் கண்ணாடியை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கி மேசை டிராயருக்குள் போட்டாள். பிறகு உருளையின் பற்சக்கரத்தை ஒரு பல் திருகினாள். இன்னொரு பல். சர்ச் நிலவறையின் மரச்சட்டத்தில் ஆறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து தைக்கும்போது, துணிமேல் காசு போட்டால் அது எகிற வேண்டும். அப்படித்தான் அவளுக்குப் பழக்கம். மூன்றாவது பல்லுக்கு இங்கேயும் துணி தட்டினால் தவில்போல் சத்தம் கொடுத்தது. இதுதான் துணி என்று திருப்தியாகக் கைப்பிடியைப் பிடித்தாள்.

நாலு மணி நேரம் ஓட்டினாள். கொடியும் சுருளுமாகத் தையல் ஓடியது. நூல் ஒருமுறை அறுந்தது, ஊசி ஒருமுறை உடைந்தது. மட்டமான சரக்கு என்று திட்டிவிட்டு மாற்றிக்கொண்டாள். கட்டைவிரல் வலிக்கவே இல்லை. அருவருப்பாக இருந்தாலும் உண்மை, அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

போர்வையைக் கழற்றி மேசைமேல் திருப்பிப் போட்டபோதுதான் பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் நூல் கண்ணி கண்ணியாக, அடித்துணி முழுக்க, வரிசையாக இமைமயிர் முளைத்த மாதிரி. தடவினால் கம்பளிப்பூச்சியைத் தொட்ட கூச்சம்.

கெல்சி வந்து பார்த்தாள். பற்சக்கரத்தையும் பார்த்தாள். தேன் கொஞ்சம் வற்றியது.

“இறுக்கினா ஊசி வளையும், நூல் சரியா மாட்டாது. அதுக்குத்தான் சொன்னேன்.”

“பிரிச்சா?”

“பிரிக்கவே ரெண்டு வாரம் ஆகும்.” பற்சக்கரத்தைத் தளர்த்திவிட்டுத் திரும்பினாள். “கண்காட்சிப் படிவத்துல தையல் வேலைக்கு என் பேர எழுதிக்கோங்க. கடையில புதுசா பழகற பொண்ணு தச்சான்னு சொல்லிருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.”

வெர்லா மனசுக்குள் பேரத்தைப் போட்டுப் பார்த்தாள். பழி போய்விடும். ஆனால் போர்வை கூலித் தையல் பிரிவுக்குப் போகும், ரோவீனாவின் போர்வைக்குப் பக்கத்துக் கம்பியில் தொங்கும். சொன்ன வாய்க்கு அதைவிட அசிங்கம் உண்டா?

“உன் பேர் உனக்கே இருக்கட்டும்” என்று போர்வையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் கட்டைவிரல் வலியோடு ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கும்போது அடிப்பக்கத்தைப் பார்க்காமலே தைத்தாள்.

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் பக்கத்துக் கொட்டடியின் பன்றி நாற்றம் நிறைந்திருந்தது. பதிவு மேசைக் கிழவர் பேனாவைத் தூக்கினார். “தச்சது யாரு?”

“நான்தான். மொத்தமும்.”

வெள்ளைக் கையுறை போட்ட நடுவரம்மா மேல்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக அடிப்பக்கத்தைத் திருப்பினாள். “ம்” என்றாள். ஒரே ஒரு ‘ம்’. கைக்கு வராமலே போன ரிப்பனின் முழு விலையும் அதில் இருந்தது.

வரிசையில் பின்னால் நின்றவள் ரோவீனா. கழுத்தை நீட்டி அந்தக் கண்ணிகளைத் தடவிப் பார்த்தாள்.

“கெல்சி கடை மெஷினாக்கா?”

வெர்லா போர்வையின் ஓரத்தை இழுத்துக் கண்ணிகளை மூடப் பார்த்தாள்.

“இறுக்கிட்டீங்க, இல்ல? அந்தப் பல்லுச் சக்கரத்த?” ரோவீனா குரலைத் தாழ்த்தினாள். “நானும் அதேதான் பண்ணேன், நாலு வருஷம் முன்னாடி. நம்ம சர்ச் சட்டத்துல பழகின கை, வேற எப்படி வைக்கும்? அந்தப் போர்வைல இப்ப நாய் படுத்துக்குது. அப்புறந்தான் லிங்கன்ல குடுக்க ஆரம்பிச்சேன்.”

ரிப்பன் போனதைக்கூட வெர்லா பொறுத்துக்கொண்டிருப்பாள். இவளும் தானும் ஒரே முட்டாள்தனத்தை, ஒரே பற்சக்கரத்தில் செய்திருக்கிறோம் என்பதைத்தான் தொண்டைக்குக் கீழே இறக்க முடியவில்லை.

“அந்த லிங்கன்காரி நம்பர் வேணுமாக்கா? ஒழுங்கா தைப்பா.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கட்டைவிரல் சுருக்கென்று குத்தியது.

“எழுதிக் குடு” என்று முகத்தைப் பன்றிக் கொட்டடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நாற்றம் இப்போது எவ்வளவோ தேவலாம் போலிருந்தது.