ஏழாம் நம்பர் சேலை

2008-இல் நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. காலேஜுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம், அப்பாவின் தறியில் கோர்வை ஆள். சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதுதான் கோர்வை. ஒரு பக்கத்துக் கரைக்கு, குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் நான்தான். கூலிக்கு ஆள் வைத்தால் நான் தப்பிக்கலாம். அதற்கு நான் சம்பாதிக்க வேண்டும், அதுவும் எனக்கு ஒழிந்த நேரத்தில் செய்கிற வேலையாக.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு மாதம் தேடினேன். வீட்டிலிருந்தே டைப் அடிக்கலாம், முதலில் டெபாசிட் கட்டு என்றவர்களே அதிகம். காசில்லாமல் வேலை தேடி வருகிறவளிடமே காசு கேட்கிற மூளையை என்னவென்று சொல்வது! கடைசியில் இன்டர்நெட்டில் பட்டு விற்கிற ஒரு சென்னைக் கடை கிடைத்தது. சேலைப் படங்களைப் பார்த்து, குறை இருந்தால் எழுதி அனுப்ப வேண்டும். எந்த நேரத்தில் செய்தாலும் சரி. முதலில் ஒரு பரீட்சை: பத்துப் படம், பத்தும் சரியாக இருக்க வேண்டும்.

எனக்கா தெரியாது? மளமளவென்று அடித்தேன். மூன்றில் இழை அறுந்திருக்கிறது, ஐந்தில் கறை, ஆறு சுத்தம். ஏழாவதைத் திறந்ததும் கை நின்றுவிட்டது.

அரக்கு உடல், பச்சைக் கரை. போன மாதம் எங்கள் தறியில் நெய்து முடித்த சேலை. முந்தானைக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அங்குலத்துக்குக் கோர்வை விட்டு, உடலும் கரையும் சேராமல் இருந்தது. மடியில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை விரித்துக்கொண்டு நான் நாடா தள்ளிய லட்சணம் அது. அன்றைக்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கவனிக்கவில்லை என்று நானும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

இப்போது உள்ளதை எழுதினால் கடைக்காரர், அப்பாவுக்குப் பட்டு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிற முதலாளியைக் கேட்பார், முதலாளி அப்பாவைக் கேட்பார். முப்பது வருஷத்தில் ஒரு சேலைக்கும் பேச்சு வாங்காத மனிதர். 'குறை இல்லை' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "அம்சவேணி அவர்களுக்கு, ஒன்பது சரி. ஏழு தவறு. அந்தச் சேலையைக் கொடுக்கும்போதே, நெய்த கலியாணசுந்தரம் என்பவர் குறையைக் காட்டி, தன் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறார். பத்தும் சரியாக இருந்தால்தான் எடுப்போம். மன்னிக்கவும்."

வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. என் தப்புக்கு அப்பா முதலாளி முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறார், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் வெறுங்கையோடு போய்த் தறியில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா, புக்கைக் காணோம்?"

"வேணாம்பா."

"திங்கக்கெழம பரீட்சை இருக்குதுன்னியே. போய் எடுத்துக்கினு வா. கோர்வை வுட்டா இந்தத் தபா சொல்றேன்."