அல்பேரின் நெஞ்சுவலி

2006 மழைக்காலம். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கான உயர்நிலைப் பயிற்சியின் கடைசித் தேர்வு. நோயாளியாக நடிக்க வந்தவர் முசே அல்பேர், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் ஒழுங்காக வந்தது, பொழுதுதான் போகவில்லை.

"நெஞ்சுவலின்னு படுத்துக்குங்க. கேட்டா பதில் சொல்லுங்க, போதும்" என்றார் பயிற்சியாளர் விஜயராகவன்.

அல்பேருக்கு அது சப்பென்று இருந்தது. தேர்வுக்கு நின்ற சரிதா மருந்துப் பெட்டியோடு ஓடிவந்து, "ஐயா, எங்க வலிக்குது? எப்பலேர்ந்து?" என்று குனிந்ததும், கண்ணைச் செருகிக்கொண்டு பிரெஞ்சில் பொரிந்து தள்ளினார்.

சேதராப்பட்டு விவசாயக் குடும்பத்துப் பெண் சரிதா. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு, 'ஐயா' என்று கூப்பிடும் 'முசே'யோடு சரி. கூடப் படித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விஜயராகவன் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். அல்பேர் ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்து, தன் குறும்பு எப்படி எடுபடுகிறது என்று பார்த்தார். சரிதா அதைக் கவனித்துவிட்டாள்.

"முருகையண்ணா, இவருக்குப் பேச்சு குழறுது" என்றாள் தன்னோடு வந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடம். "நெஞ்சுல ஈசிஜி மிஷின் ஒட்டணும். பட்டன் கழட்ட நேரமில்ல, கத்திரிக்கோல் எடுங்க."

அல்பேரின் மகள் அமேலி லியோனிலிருந்து அனுப்பிய புதுச் சட்டை அது. கத்திரிக்கோல் காலரைத் தொட்டதும் அல்பேர் துள்ளி உட்கார்ந்தார்.

"ஏய், வெட்டிடாத பொண்ணே! நானே கழட்டுறேன்!"

"தமிழ் வந்துடுச்சே முசே!" என்றாள் சரிதா.

அறையே சிரித்தது. சரிதாவும் சிரித்துக்கொண்டே அவர் மார்பில் ஒயர்களை ஒட்டினாள். திரையைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். மணிக்கட்டைப் பிடித்தாள். துடிப்பு தடதடவென ஓடியது, தயங்கியது, மறுபடி ஓடியது.

"சார், இங்க வந்து பாருங்க."

"நல்லா நடிக்கிறாருல்ல?"

"நாடியக்கூட நடிக்க முடியுமா சார்?"

விஜயராகவன் வந்து பார்த்தார். "வண்டியில ஏத்துங்க" என்றார் உடனே.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அல்பேர் கெஞ்சினார். "சத்தியமா நடிச்சேம்மா. வலியே இல்ல."

"சரிங்க முசே. படுங்க."

"வீட்டுல எம் பொண்டாட்டி எலிஸபெத்து சாப்பாட்டோட காத்துட்டிருப்பா."

"அவங்களுக்குப் போன் பண்ணியாச்சு."

"ஐயையோ! அவகிட்டயா சொன்னீங்க?" அப்போதுதான் அவருக்கு வியர்த்தது. சரிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடவில்லை.

இதயத் துடிப்பு பல நாளாகவே ஒழுங்கு தவறியிருந்தது என்றார் டாக்டர். கவனிக்காமல் விட்டிருந்தால் பக்கவாதத்தில் முடிந்திருக்கலாமாம். எலிஸபெத் வந்து இரண்டு மொழியிலும் திட்டித் தீர்த்துவிட்டு, சரிதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தேர்வு பாதியில் நின்றதால் சரிதா மறுபடியும் தேர்வுக்கு நிற்க வேண்டியிருந்தது. வீடு திரும்பிய அல்பேர் விஜயராகவனுக்குப் போன் செய்தார். "அடுத்த வாட்டி என்னா வியாதி? வலிப்பு நல்லா செய்வேன்."

போன் பிடுங்கப்படும் சத்தம் கேட்டது. "அவரு வரமாட்டாரு. நான் வரேன்" என்றாள் எலிஸபெத்.

சொன்னபடியே வந்து, கால் முறிந்தவளாகப் படுத்து, தெருவே எட்டிப் பார்க்கும்படி அலறினாள். சரிதா பாஸ்.