கேலனுக்கு அறுபது மைல்

ஆரின் ட்வீட்டன் காரில் ஏறியதும் முதல் வேலையாகப் பூட்ஸைக் கழற்றுவான். வெறும் காலுறையோடு மிதித்தால்தான் ஆக்ஸிலேட்டரின் நாடி பிடிபடுகிறதாம். நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் ஏரிக்காற்று காதை அறுத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் ஹீட்டர் போடக்கூடாது, போட்டால் எண் இறங்கிவிடும். பக்கத்தில் அவன் மனைவி மார்லிஸ் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு, தன் மூச்சே கண்ணாடியில் ஆவியாகப் படிவதைத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பாள்.

எல்லாம் அந்தத் திரையால் வந்த வினை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் இருந்தது. இந்த நிமிடம் ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் போகிறாய் என்று கணத்துக்குக் கணம் சொல்லும். பதமாக மிதித்தால் ஓரத்தில் ஒரு பச்சை இலை துளிர்க்கும், அழுத்தினால் உதிரும். மனிதர்களைத் திருத்தலாம் என்று யாரோ நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆரினும் திருந்தினான், அதை மறுப்பதற்கில்லை. மஞ்சள் விளக்கைக் கண்டால் சீறிப்பாய்கிறவன், முதல் மாதத்தில் நிதானமாகப் போய் நின்றான். மார்லிஸுக்கு ரத்த அழுத்தம்கூடக் குறைந்தது. அதோடு விட்டிருந்தால் அந்தத் திரையைக் கும்பிட்டிருப்பாள்.

விட்டானா? இரண்டாவது மாதத்தில் ஸ்பேர் டயரைத் தூக்கிக் கராஜில் போட்டான், எடை குறைய வேண்டுமாம். அப்புறம் ஜாக்கி போனது, தரைவிரிப்புகள் போயின, கடைசியில் அவளுடைய குடையும் போனது. நெடுஞ்சாலையில் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு போகப் பழகினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபிக் கோப்பையோடு அவனும் அவனைப்போல இன்னும் இரண்டு கிழங்களும் கூடுவார்கள். ஆளுக்கொரு செல்போன். பேரப்பிள்ளை படம் காட்டுகிற முகத்தோடு அவரவர் எண்ணின் படத்தைக் காட்டிக்கொள்வார்கள். ஆரினின் சராசரி ஐம்பத்தொன்பதரை. அறுபதைத் தொட்டவன் அந்தக் கூட்டத்தில் எவனுமில்லை. தருமனின் தேர்போலத் தரையில் படாமலே போய்விடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண் தரைமட்டத்தில் கிடக்கும், சூடானால்தான் ஏறும். ஆகவே பக்கத்தில் இருக்கும் இடங்களெல்லாம் ஆரினுக்குப் பகையாகிவிட்டன. தெருமுனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு, விமான நிலையம் வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவான். சராசரி ஏறும், டாங்கியில் பெட்ரோல் இறங்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதன். மார்லிஸ் கேட்டால், சராசரி ஏறியதா இல்லையா, அதை மட்டும் சொல் என்பான்.

அவள் தன் பழைய காரை விற்கச் சம்மதித்தது அவள் செய்த மடத்தனம். புதியதை அவள் ஓட்டக்கூடாது என்று அவன் சொல்லவில்லை. அவள் ஓட்டிவிட்டு வந்தபிறகு திரையைப் பார்த்து, இழவு வீட்டுக்காரன் மாதிரி அரைநாள் பேசாமல் இருப்பான். சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

அந்த சனிக்கிழமை காலை அவள் தம்பி கேலன் ஹாக்ஸ்டாட் போன் செய்தான். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை. அப்பா கட்டிய ஏரிக்கரை வீட்டை அவன் தன்னைக் கேட்காமல் விற்றான் என்று, அம்மாவின் அடக்கச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் மார்லிஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இந்த ஊரில் சண்டை போடுகிறவர்கள் கத்த மாட்டார்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள்.

"மூணு மணிக்குக் கப்பல் கிளம்புதுக்கா. இதோட எனக்கு ஓய்வு, அப்புறம் அரிஸோனா போயிடுவேன்," என்றான். "வழக்கம்போல கால்வாய் வழியாத்தான் வெளிய போவோம். உனக்கு மனசிருந்தா கரையில வந்து நில்லு. பேசக்கூட வேண்டாம். நீ நிக்கலன்னா, புரிஞ்சுக்கிறேன்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஆரினிடம் விஷயத்தைச் சொன்னாள். அவனும் தலையாட்டினான். நல்ல காரியம், நேரத்தோடு போய்விடலாம் என்றான். வீடு மலைமேல், கால்வாய் கீழே ஏரிக்கரையில். நேராக இறங்கினால் கால்மணிக்குள் போய்விடலாம். முக்கால்மணி இருக்கும்போதே அவனைக் கிளப்பிக் காரில் ஏற்றிவிட்டாள்.

பெரிய சாலைக்கு வந்ததும் வலப்பக்கம் இறங்க வேண்டியவன் இடப்பக்கம் திரும்பினான். எங்கே என்று கேட்டாள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, மலைமேல் ஒரு சின்னச் சுற்று, நேரம்தான் நிறைய இருக்கிறதே என்றான். இன்றைக்கு எதிர்க்காற்றும் இல்லை, இந்த இறக்கத்தைச் சரியாகப் பிடித்தால் அறுபதாம். அவள் கெஞ்சிப் பார்த்தாள், பிறகு திட்டிப் பார்த்தாள். அவன் கண் இலையின்மேல் இருந்தது. எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

மலை உச்சிச் சாலையிலிருந்து பார்த்தபோது, தாது ஏற்றும் துறையைவிட்டு ஒரு நீளமான சிவப்புக் கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. அதுதான் என்று மார்லிஸ் கை நீட்டினாள். எல்லாக் கப்பலும் சிவப்புத்தானே என்று ஆரின் ஆறுதல் சொன்னான்.

ஒருவழியாக இறக்கம் வந்தது. ஆரின் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். கார் அன்னநடை போட்டது. பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. ஹாரன், விளக்கு, கைஜாடை, எதற்கும் அவன் அசையவில்லை. கீழே பச்சையாக இருந்த விளக்கு இவர்கள் ஊர்ந்து சேர்வதற்குள் சிவப்பாகிவிட்டது. நின்றார்கள்.

அப்போது ஏரிப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கப்பல், கால்வாயின் குறுக்கே உள்ள தூக்குப் பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதுகிறது. பாலம் பதிலுக்கு ஊதியது.

மார்லிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். பின்னாலேயே பனி தள்ளும் இரும்புப் பலகை மாட்டிய ஒரு பிக்கப் வண்டி, யானைபோல உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டியவள் முப்பது வயதுக்காரி, பக்கத்தில் ஒரு நாய். இவ்வளவு நேரம் ஹாரனை அமுக்கித் தள்ளியது அவள்தான். மார்லிஸ் கண்ணாடியைத் தட்டி, கால்வாய்க்கரை, என் தம்பி, அந்தக் கப்பல் என்று திணறினாள். ஓட்டியவள் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏறுங்கக்கா. எம் பேரு ட்ரூடி. யாரு மேல கோபம், கார் மேலயா, வீட்டுக்காரர் மேலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்மா. சீக்கிரம் போ."

ட்ரூடி போனாள். அந்த வண்டி குடிகாரன்போலப் பெட்ரோல் குடிப்பது இருக்கையில் உட்கார்ந்தவருக்கே தெரிந்தது. அதிலும் ஒரு திரை இருந்தது, அதன்மேல் பீட்சாக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேட்காமலே ட்ரூடி விளக்கம் சொன்னாள்: அது நாளெல்லாம் குறை சொல்லிக்கொண்டே இருந்ததாம், அதற்கு மாமியாரே போதுமாம். வேறொரு நாளாக இருந்தால் மார்லிஸ் இவளையும் மனசுக்குள் நாலு வார்த்தை வைதிருப்பாள்.

கரையில் அவள் இறங்கி ஓடியபோது கப்பலின் மூக்கு பாலத்தைத் தாண்டியிருந்தது. ஒரு தெருவே நகர்வதுபோல அது அவளை ஒட்டிப் போனது. பின்பகுதியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சுக் கோட்டில் ஓர் ஆள் கரையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தான். தேடி முடித்துவிட்டான் என்பது அவன் தோளில் தெரிந்தது. உள்ளே திரும்பக் காலெடுத்தான்.

"கேலன்."

அவன் நின்றான். பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லை. ஆறு வருஷமாக ராத்திரிகளில் அவள் எவ்வளவோ வசனம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"தொப்பியப் போடுடா, குளிருது."

போட்டுக்கொண்டான். முழங்கையால் கண்ணைத் துடைத்தான். கப்பல் கலங்கரை விளக்கைத் தாண்டி, அவன் ஆரஞ்சுப் பொட்டாகி, அதுவும் தெரியாமல் போகும்வரை அவள் கையை இறக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன் பிறகுதான் ஆரின் வந்து சேர்ந்தான். காரை நிறுத்திவிட்டுச் சின்னப்பையன் மாதிரி ஓடிவந்தான், கையில் செல்போன். கப்பல் எங்கே என்று ஏரியைப் பார்க்கவில்லை. கேலன் வந்தானா, உன்னைப் பார்த்தானா என்று கேட்கவில்லை.

"மார்லிஸ், அறுபது தாண்டிடுச்சு," என்றான், மூச்சு வாங்க. "நீ எறங்கினியே, அங்கேருந்து வண்டி லேசாயிடுச்சு. படத்தப் பாரு, அதுலேருந்து ஏறுமுகந்தான்."

படத்தைப் பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். அதில் கள்ளமே இல்லை, அவளும் சந்தோஷப்படுவாள் என்று மனதார நம்பிக்கொண்டு நின்றான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"நல்லது ஆரின். இனிமே அது எறங்காது," என்று சொல்லிவிட்டு, இன்னும் காத்துக்கொண்டிருந்த ட்ரூடியின் பிக்கப்பின் கதவைத் திறந்து நாய்க்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.