அழைப்புமணியில் ஒரு பெயர்

வெண்பனி முடிகளைத் தலையிற் சூடிய மலைகள் மூன்று புறமும் காவல் நிற்க, அவற்றின் நடுவே உருக்கிய ஈயம்போல் அசைவின்றிக் கிடந்த ஏரியின்மீது, தொண்ணூற்றாறாம் ஆண்டின் ஐப்பசி ஞாயிறொன்றின் பிற்பகல் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. ஏரியைவிட்டுப் பிரிந்த ஆறு துன் நகரின் மரப்பாலங்களின்கீழ் நுழைந்து பச்சை நிறமாய்ப் பாய, குன்றின்மேல் நின்ற கோட்டை தன் நிழலைக் கூரைகளின்மேல் கருந்துணிபோல் விரிக்க, தெற்குச் சரிவுகளிலிருந்து இறங்கிய வெங்காற்று தலைவலியையும் காரணமற்ற சினத்தையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அக்காற்று வீசும் நாளில் தொலைவிலுள்ள மலைகளும் கைநீட்டித் தொடுமளவுக்கு அண்மையில் தோன்றும் என்பதைப் படிப்போர் அறிந்திருக்கலாம். ஆற்றோரத் தெருவில் தனியே நடந்த வின்சன்றுக்கோ, தாம் செய்யப்போவதைப் பார்க்கவே அவை நெருங்கி வந்து நின்றனபோல் இருந்தது.

முன்னொரு காலத்தில் மன்னாரிற் காவல் அலுவலராயிருந்து, இப்போது சூரிச்சில் அலுவலகங்களைத் துடைத்து வாழ்பவர் அவர். அவருடைய ஒரே தம்பி மரியதாஸ், தானும் காவலனாகி, பேசாலைக் கரையிற் கடத்தற் படகொன்றை மறித்த விடியற்காலையில், தவராஜா என்னும் கடத்தற்காரனின் மீன்கத்திக்கு இரையானான். சாகுமுன் அவன் தன்னைக் குத்தியவனின் இடக்காதைப் பாதியளவு கடித்தெடுத்திருந்தான். மணமாகாது, மகவின்றி, பெயர் சொல்ல ஒருவருமின்றிப் போன அத்தம்பியின் சவப்பெட்டிமேல் கைவைத்து, கொன்றவனைக் கண்டு அவன் குடியை வேரோடு பிடுங்குவேன் என்று வின்சன்ற் உரைத்த வஞ்சினம், அவர் பதவியையும், மனைவியையும், உறக்கத்தையும் ஒவ்வொன்றாய்த் தின்று தீர்த்தது. கடல்கடந்து இந்நாட்டுக்கு வந்தபின், ஓய்வுநாள்தோறும் ஊரூராய்ச் சென்று வீட்டு வாயில்களில் அழைப்புமணிக்கருகே எழுதியிருக்கும் குடிப்பெயர்களைப் படித்தார். தவராஜா என்ற பெயர் எங்கும் இல்லை.

இருப்பதெப்படி? சூரிச்சின் தமிழ்க் கடையொன்றில், சென்ற கிழமை, துன்னில் வேலைசெய்யும் ஒருவன் சிரித்துச் சொன்ன சொல்லே அவருக்கு வழிகாட்டிற்று.

"எங்கட கோப்பை கழுவுற இடத்தில ஒரு அரைக்காது அண்ணை இருக்கிறார். சமையல்காரன் கன்னத்தில அறைஞ்சாலும் 'ஓம் ஐயா' எண்டு குனிஞ்சு போற மனிசன். பேர் மரியதாஸ்."

ஒருவனின் இறுதிப் பெயரையே குடிப்பெயராக்கி அவன் மக்கள்மேலும் ஏற்றிவிடுவது இந்நாட்டு வழக்கம். பொய்ப்பெயரில் இங்கு புகுந்தவன் என்று, அயல்நாட்டவரைக் கண்காணிக்கும் காவல்துறையிடம் ஒருசொல் சொன்னாற் போதும். அக்குடும்பம் முழுவதும் போர் எரியும் மண்ணுக்குத் திருப்பப்படும். அச்சொல்லை மறுநாட் காலையிற் சொல்வதென வின்சன்ற் முடிவுசெய்திருந்தார். தன்னை அழிப்பவர் யாரென்று அவன் அறிந்து நடுங்கவேண்டும் என்பதற்காகவே இன்று வந்தார்.

மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தவள் ஒரு சிறுமி.

"அப்பா முகம் கழுவுறார், இருங்கோ. அம்மா வேலைக்கு. நான் றோஷினி மரியதாஸ்," என்று அவள் ஒரே மூச்சிற் சொன்னாள். "எங்கட ரீச்சருக்கு அது வாயில வராது. மரியாதா, மரியாதா எண்டுதான் கூப்பிடுவா. எனக்கு மரியாதை கூடிப்போச்சு."

தம்பியின் பெயரை ஒரு குழந்தையின் வாய் விளையாட்டாய்ச் சொல்லக் கேட்டு, கற்சுவரில் நீர் கசிவதுபோல் எதுவோ அவருள் கசிந்தது. அதை அவர் வெறுத்தார். அதற்குள், கையில் துவாயோடு, பாதிக் காதோடு, தலை நரைத்த ஒருவன் வந்து நின்றான்.

"பிள்ளை, உள்ள போ," என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "ஐயாவை மன்னாரிலயே தெரியும். ஒருநாள் வருவீங்கள் எண்டும் தெரியும்."

"செத்தவன்ர பேரில சோறு தின்ன உனக்கு வெக்கமா இல்லையோடா?"

"ஒளிக்கத்தான் சொன்னன், அதை மறுக்கேல்லை. எல்லையில பேர் கேட்டாங்கள். பூசைக்குப் பூசை அவருக்காக மன்றாடின பேர், அதுதான் வாயில வந்துது. ஒளிச்சிட்டன் எண்டு நினைச்சன் ஐயா. பிறகு வேலையில, தெருவில, வீட்டில, நாளெல்லாம் ஆரோ என்னை அந்தப் பேரால கூப்பிடக் கூப்பிட, எனக்கு ஒளிக்க இடமில்லாமற் போச்சு." அவன் மண்டியிடவில்லை, அழவுமில்லை. "சொல்லுங்கோ, பொலிசிட்டச் சொல்லுங்கோ. நான் போறன். பிள்ளையை மட்டும் விடுங்கோ."

வின்சன்ற் அழைப்புமணிக்கருகே எழுதியிருந்த பெயரைத் திரும்பிப் பார்த்தார். நாளை அச்சொல்லைச் சொன்னால் இவனோடு அழிவது எது? இவ்வுலகில் தம்பியின் பெயர் உயிரோடு ஒலிக்கும் ஒரே இடம் இந்தக் கதவே. கொன்றவனின் கையாலன்றி அப்பெயர் இங்கு வந்திராது; தம் கையாலன்றி அது இனி அழியாது. இரண்டாம் முறை தம்பியைக் கொல்லும் கத்தி தம் நாவில் இருப்பதைக் கண்டு அவர் குளிர்ந்துபோனார்.

உள்ளிருந்து சிறுமி எட்டிப் பார்த்தாள். "அப்பா, இவர் எங்களுக்கு என்ன முறை? மாமாவோ?"

அரைக்காதன் மகளுக்குமுன் ஓரடி வந்து நின்றான்.

"மாமா இல்லை," என்றார் வின்சன்ற். "மரியதாசின்ர தமையன் நான். உனக்குப் பெரியப்பா."

பின் அவனருகே குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"தவராஜாவை இண்டைக்கு நான் கொன்றுபோட்டன். இனி அந்தப் பேரை உன்ர வாயும் சொல்லாது, உன்ர கல்லறையும் சொல்லாது. என்ர தம்பி குடிச்சதில்லை, பொய் சொன்னதில்லை, ஒருத்தரிலையும் கைவச்சதில்லை. அப்பிடியே இரு. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வருவன். பாத்துக்கொண்டே இருப்பன். ஒருநாள் தவறினாலும் அண்டைக்குச் சொல்லுவன்."

அரைக்காதன் தலைகுனிந்து, "சரி... அண்ணை," என்றான்.

"பெரியப்பா, தேத்தண்ணி குடிப்பீங்களோ?" என்றது உள்ளிருந்த குரல்.

வெளியே வெங்காற்று ஓய்ந்திருந்தது. மலைகள் தம் தொலைவுக்குத் திரும்பின. கொன்றவன் திருந்தினானோ, அச்சத்தால் திருந்தியவன்போல் வாழ்ந்தானோ, அதனை அறிய ஒரு வாழ்நாள் வேண்டும். அவ்வாழ்நாளையே வின்சன்ற் தம் பழிவாங்கலாக எடுத்துக்கொண்டார். பல்லாண்டு கழித்து ஏரிக்கரை இடுகாட்டில் கற்பலகையொன்றின்மேல் மரியதாஸ் என்று வெட்டப்பட்டபோது, அதன்முன் நின்று அழுத முதியவர், அதற்கடியிற் கிடப்பவன் யார் என்பதை அப்போதும் உறுதியாய் அறிந்திருக்கவில்லை.