களிம்பின் மேல் போட்ட பழி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதிக் கேட்டவர்கள் குறைவு. ஒரு முறை முறைத்தாலே போதும், குளத்தங்கரையில் ஓடும் பிள்ளைகள் பூனை நடை நடப்பார்கள். தண்ணீர் விஷயத்தில் மனிதர் கறார். ஆழமான பக்கத்தில் அடித்தரையில் பதித்திருக்கும் நீலக் கோடு மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கோட்டைக் காணவில்லை. தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்துக் கிடந்தது. சின்னக் குப்பியில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். குளோரின் சரியாக இருந்தது. அமிலத்தன்மையும் சரி. மணல் வடிகட்டியில் தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு அழுக்கை வெளியேற்றினார். மறுநாளும் அதே வெளுப்பு. அதற்கு மறுநாளும்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கைபேசியும் கையுமாக வந்து நின்றார்.

"என்னங்க இது, குளமா சோப்புத் தண்ணியா? ஆளாளுக்கு குரூப்ல படம் போட்டு என் மானத்த வாங்கறாங்க. என்ன காரணம்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

தெரியவில்லை என்று விசில்காரரின் வாய் சொல்லிப் பழகியதில்லை. கண் இங்குமங்கும் அலைந்து, ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டில் போய் நின்றது. அங்கே ஓரத்துக் கல்லில் மெல்லிய பிசுக்கு படிந்திருந்தது.

அந்தப் படியில் இறங்குபவர் மூன்றாவது மாடி டைப்பிஸ்ட்டம்மா. நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக் கையும் காலும் விழுந்துவிட்டன. தண்ணீருக்குள் நடந்து பழகச் சொல்லியிருந்தார் மருத்துவர். தினமும் பத்து மணிக்கு, குளம் காலியாக இருக்கும் நேரம் பார்த்து, தங்கை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். முழங்கால் வலிக்குக் களிம்பு பூசியிருக்கும். துண்டால் துடைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். முந்தின வாரம் படியோரக் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு ஆறு அடி நடந்திருந்தார். தங்கை கை தட்ட, விசில்காரரும் தன்னை மறந்து தட்டினார்.

"களிம்புங்க," என்றார் விசில்காரர் இப்போது. "மூணாவது மாடி அம்மா பூசிக்கிட்டு இறங்கறாங்க. எண்ணெய்ப் பசை சேந்தா தண்ணி இப்படித்தான் வெளுக்கும்."

சொல்லும்போது அவருக்கே பாதி நம்பிக்கைதான். சொல்லி முடித்ததும் அதுவே முழுசாகிவிட்டது.

சாயங்காலமே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஏறியது: மருந்து, களிம்பு பூசுபவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது. பெயர் போடவில்லை. பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு அக்காவும் தங்கையும் வந்தார்கள்.

"துடைச்சிட்டுத்தானங்க இறங்கறோம். தினம் நீங்களே பாக்கறீங்களே," என்றார் தங்கை.

டைப்பிஸ்ட்டம்மாவுக்கு அப்போதுதான் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நல்லா... பாத்தீங்களா?"

"இந்தத் தண்ணியோட பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேம்மா. எனக்குத் தெரியாதா?"

டைப்பிஸ்ட்டம்மா தலையசைத்தார். நாற்காலியைத் திருப்பும்படி தங்கைக்கு இடது கையால் சாடை காட்டினார்.

அன்றே விசில்காரர் குளத்தில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, மோட்டாரை நிறுத்திப் போட்டார். கலங்கல் எல்லாம் அடியில் போய்ப் படிந்தது. காலையில் அதை உறிஞ்சிச் சாக்கடைக்கு அனுப்பியதும் நீலக் கோடு பளிச்சென்று தெரிந்தது. செயலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டில் மனைவியிடம் விசில்காரர் இதைப் பெருமையாகச் சொன்னார்.

"நடக்க முடியாதவங்களப் போய் ஏங்க தடுத்தீங்க? வேற வழியே இல்லயா?" என்றாள் அவள்.

"உனக்கு என்ன தெரியும்? அவங்க வர்றது நின்னுச்சு, தண்ணி தெளிஞ்சிடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

பத்தொன்பதாம் நாள் தண்ணீர் மறுபடி வெளுத்தது.

களிம்பு பூசிய கால் ஒன்றுகூட இந்த நாட்களில் இறங்கவில்லை. இந்த முறை விசில்காரர் சொட்டு மருந்தைத் தேடவில்லை. சுத்தமான நீர் குளத்துக்குத் திரும்பி வரும் துளையில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் நறநறவென்று நுண்ணிய தூசி. வடிகட்டியில் நிற்க வேண்டிய அழுக்கு அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. படிகாரம் அன்றைய கலங்கலை மட்டும்தான் எடுத்திருந்தது.

மோட்டார் அறைக்குப் போய், தண்ணீரின் திசையை மாற்றும் வால்வைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து முறுக்கிக்கொண்டு கிடந்தது.

எப்படிக் கிழிந்தது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தத் திங்களுக்கு முந்தின நாள் மச்சான் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. மனைவி மூன்று முறை போன் செய்துவிட்டாள். அவசரத்தில், மோட்டாரை நிறுத்தாமலே வால்வின் கைப்பிடியைத் திருப்பினார். உள்ளே நறுக்கென்று ஒரு சத்தம். அப்படித் திருப்பக் கூடாது என்று விடுப்பில் மாற்றாக வரும் ஆட்களிடம் அவரே கத்தியிருக்கிறார். ஒன்றும் ஆகாது என்று அறையைப் பூட்டிவிட்டுப் போனார். சத்தம் காதில் விழாமல் இல்லை. அதுதான் இப்போது அவரை அரித்தது.

புது ரப்பர் வர மூன்று நாளாயிற்று. மாட்டியதும் தண்ணீர் தெளிந்து, தெளிந்தபடியே நின்றது. கிழிந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அவரோடு போயிருக்கும். இரண்டு நாள் மூடிக்கொண்டும் பார்த்தார். மூன்றாம் நாள் செயலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"தண்ணி சரியாயிடுச்சில்ல? விடுங்க. இதப் போய்க் கிளறினா எனக்கும்தான் தலைகுனிவு," என்றார் செயலாளர்.

"எழுதினது நீங்க, சொன்னது நான். நானே போய்ச் சொல்லிக்கறேங்க."

மூன்றாவது மாடியில் தங்கைதான் கதவைத் திறந்தார். விசில்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் வந்தது, கைப்பிடியைத் திருப்பியது, சத்தம் கேட்டது, எதையும் விடவில்லை.

தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "லிஃப்ட்ல எங்களப் பாத்தா ஒதுங்கி நின்னாங்க, தெரியுமா? எங்கக்கா களிம்பையே தூக்கிப் போட்டுட்டா. வலியோடயே கிடந்தா. முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் வரும்னு டாக்டர் சொன்னாரு. அதுல ஒரு மாசத்த நீங்க சாப்பிட்டுட்டீங்க."

உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த டைப்பிஸ்ட்டம்மா அவரையே பார்த்தார். "அப்ப... நான் இல்லயா?"

"நீங்க இல்லம்மா. நான்தான்."

"நானும்... நான்தான்னு நினைச்சிட்டேன்."

"மன்னிச்சிடுங்கம்மா."

அவர் மடியிலிருந்த வலக் கையை இடது கையால் எடுத்து வைத்துக்கொண்டார். "இப்ப சொல்ல வரல. சொன்னா... உங்களுக்கு லேசாயிடும். பாக்கலாம்."

விசில்காரர் தலையாட்டிவிட்டு இறங்கி வந்து, அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்தார்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். டைப்பிஸ்ட்டம்மா கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டு மூன்றாவது படி வரை இறங்கினார். வலக்கால் எழவில்லை. "அன்னிக்கு நடந்தியேக்கா," என்று தங்கை கெஞ்சினார். கால் அதை மறந்துவிட்டிருந்தது. மழைக்காலம் வரை தவறாமல் வந்தார்கள். கடைசிவரை கம்பியை விட்டு அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை.

கடைசியாக வந்த அன்று, ஈரத் துண்டைப் போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் விசில்காரரைக் கூப்பிட்டார்.

"தண்ணி... நல்லா வச்சிருக்கீங்க," என்றார். குத்தல் இல்லை, பார்த்ததைத்தான் சொன்னார்.

தங்கை நாற்காலியைத் தள்ளினார். நாற்காலியின் சக்கரம் ஈரத் தரையில் கோடு போட்டுக்கொண்டு லிஃப்ட்டை நோக்கிப் போவதை விசில்காரர் பார்த்தபடி நின்றார்.