படி திரும்புகிற இடம்

குலுக்கும் பாட்டிலுக்குள் கம்பிப் பந்து நாலு தடவை உருண்ட பிறகுதான் மாஸ்டருக்கு நினைவு வந்தது. கையை நிறுத்தினான். ஐந்து மாதப் பழக்கம். மூளை சொல்வதற்குள் கை முந்திக்கொள்கிறது.

"என்னடா நின்னுடுச்சு?" உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

மாஸ்டர் என்பது உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் வைத்த பெயர். சட்டைக் கைக்குள் அடங்காத புஜம். அதை வைத்துக்கொண்டு வீட்டில் அவன் சாதித்தது, மருந்து பாட்டிலின் மூடியைத் திறந்தது. அதிலும் பாதி நாள் அண்ணிதான் திறந்தாள்.

உண்மையில் தூக்குகிற தொழில் அண்ணனுடையது. கூட்டாளி நெட்டையோடு, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை மாடி ஏற்றி இறக்குவார். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாய் முதுகில் ஏற்றியதால் பெயரே பீரோ. "எடுத்த இடத்துலயே திரும்ப வைக்கிற சாமானை எதுக்குடா தூக்குற?" என்று தம்பியைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

போன வருடம் வலது தொடையில் கட்டி. தசையில் வருகிற புற்று என்றார்கள். மருந்து ஏற ஏற உடம்பு வற்றியது. மாஸ்டருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: தசை ஏறக் கூடத்தில் குடிக்கிற கிரியேட்டின் பவுடர், காலையில் ஒரு கரண்டி. வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது, "சத்து பானம்தான்" என்று முடித்துவிட்டான். பவுடர் விஷயத்தில் டாக்டருக்கு என்ன தெரியும் என்கிற தொழில் கர்வம்.

பிறகு, அந்தப் பவுடர் கட்டிக்கும் தீனியாகலாம் என்று எங்கோ படித்த ஒரு வரி முள்ளாக உறுத்தியது. நேற்றுதான் போய்க் கேட்டான்.

"கிரியேட்டின் தசைக்குச் சட்டுனு கை கொடுக்கிற சக்தியோட இருப்பு. அது உங்களுக்கே தெரியும்," என்றார் டாக்டர். "இந்தக் கட்டி, தசையா ஆக வேண்டியது, பாதியில வழி தவறின செல். அதுவும் அந்த இருப்புல கை வைக்குதான்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்ணிட்டிருக்காங்க."

"அப்ப நான்தான்…"

"அப்படிச் சொல்ல முடியாது."

"சரி, நான் இல்லைன்னு சொல்லுங்க."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "அதையும் சொல்ல முடியலயே. அன்னைக்கே சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அண்ணி ஈரத் துணியால் அண்ணனின் உதட்டைத் துடைத்துவிட்டு, தண்ணீரை மாற்ற எழுந்து போனாள்.

"ஏன், டப்பா காலியா?" என்றார் அண்ணன்.

"இன்னைக்கு வேணாம்ணா."

"சுண்ணாம்புத் தண்ணியை அஞ்சு மாசம் குடிக்க வச்சவன், இன்னைக்கு மட்டும் இரக்கப்படுறியா?"

மாஸ்டர் பாட்டிலைத் தரையில் வைத்தான். "அண்ணா, அந்தப் பவுடரு… உனக்குப் போகாம அந்தக் கட்டிக்குப் போயிடுச்சோன்னு… நானே தீனி போட்டு வளத்துட்டேனோன்னு…"

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். போர்வை ஏறி, நெடுநேரம் கழித்து இறங்கியது. கேட்டாரா, தூங்கிவிட்டாரா? மறுபடி சொல்லலாமா? ஒரு தடவை சொல்லவே ஒரு ராத்திரி பிடித்திருந்தது.

"அந்தப் படி," என்றார் அண்ணன்.

"எந்தப் படிண்ணா?"

"ரெண்டாவது மாடி. திரும்புற இடம். படுக்க வச்சுக் கொண்டுபோனா திரும்பாது. நாற்காலியில உக்கார வை. நெட்டை கீழ, நீ மேல."

"அண்ணா, இப்ப எதுக்கு…"

"நீ முதுகால தூக்குவ. மடையா. முட்டியை மடக்கு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பதினோரு மணிக்கு அண்ணி தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். போர்வை ஏறுவதற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது ஏறவில்லை.

நெட்டை வேலை உடுப்போடு வந்தான், அண்ணனோடு பதினெட்டு வருடம் சுமந்தவன். அமரர் ஊர்தி வாசலில் நிற்க, வண்டிக்காரர் தூக்குப் படுக்கையோடு மேலே வந்து படியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"நாற்காலி எடுங்க தம்பி," என்றாள் அண்ணி. கதவுக்கு அப்பாலிருந்து அவளும் கேட்டிருக்கிறாள். எது வரை கேட்டாள் என்று அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, பீரோவுக்குக் கட்டுகிற அகலப் பட்டையால் நெட்டை அவரைக் கட்டினான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கீழ்ப் பக்கம் அவன், மேல் பக்கம் மாஸ்டர். கூடத்தில் இதைவிட மூன்று மடங்கு தூக்கியிருக்கிறான். இருந்தும் முதல் படியிலேயே முதுகைக் கொடுத்துத் தூக்கினான்.

திரும்புகிற இடத்தில் சுவரில் பழைய கீறல், என்றோ ஒரு பீரோ உரசியது. நாற்காலி முட்டி நின்றது.

"மாஸ்டர், முதுகை விடு," என்றான் நெட்டை கீழேயிருந்து. "முட்டியை மடக்கு."

மடக்கினான். ஒரு விரற்கடை இடைவெளியில் அண்ணனின் தோள் சுவரைத் தாண்டித் திரும்பியது.

வாசலில் பட்டையை அவிழ்த்து, நெட்டையும் வண்டிக்காரரும் அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணி முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

"இறக்கியாச்சு மாஸ்டர்," என்றான் நெட்டை. "விடு."

காலி நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி மாஸ்டர் கடைசிப் படியில் நின்றிருந்தான். முட்டி இன்னும் மடங்கியே இருந்தது.